நெட்வொர்க் இயக்குநர்கள் மாநாட்டின் வைஃபையும் வருகைப் பதிவும்: மூன்று நாள் பயன்படுத்தியபின் ஒரு மதிப்பீடு

இணையச் சேவை நிறுவனங்களின் நெட்வொர்க்குகளை இயக்குபவர்களுக்காக நடந்த மூன்று நாள் மாநாடு ஒன்றில் அண்மையில் கலந்துகொண்டேன். மேடையில் பேசப்பட்டவற்றை இங்கே நான் எடுத்துக்கொள்ளவில்லை. பங்கேற்பாளர்களுக்கு ஏற்பாட்டாளர்கள் அளித்த இரண்டு சேவைகளை மட்டும் மதிப்பிடுகிறேன். ஒன்று, அரங்கத்தில் அமைக்கப்பட்டிருந்த நெட்வொர்க். மற்றொன்று, முன்பதிவில் தொடங்கி அடையாள அட்டை வரை நீண்ட வருகைப் பதிவு. நான் இதுவரை பயன்படுத்திய மாநாட்டு நெட்வொர்க்குகளில் இதைவிடப் பாதுகாப்பாக அமைந்த ஒன்றைக் கண்டதில்லை. வருகைப் பதிவோ, அதே ஏற்பாட்டாளர்கள் செய்த வேலைதானா என்று கேட்கும் அளவுக்குக் கவனக்குறைவாக இருந்தது.

இவ்விரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. வேறு எந்தத் துறையின் மாநாட்டிலும் வைஃபை வழியாக ஒரு கடவுச்சொல் கசிந்தால், பாதிப்பு பெரும்பாலும் அந்த ஒருவரின் அஞ்சலோடு நின்றுவிடும். இந்த அரங்கத்தில் அமர்ந்திருப்பவர்களில் பலர் தத்தம் நிறுவனத்தின் ரௌட்டர்களுக்குள் நுழையும் உரிமை பெற்றவர்கள். 1997 ஏப்ரலில் ஏ.எஸ். 7007 (ஏ.எஸ். என்பது இணையத்தில் ஒரு நெட்வொர்க்கை அடையாளப்படுத்தும் எண்) என்ற ஒரே நெட்வொர்க்கிலிருந்து, “இந்த முகவரிகளுக்கு என் வழியாக வாருங்கள்” என்று சொல்லும் பாதை அறிவிப்புகள் தவறாக வெளியேறியதில் இணையத்தின் பெரும்பகுதி குலைந்தது. 2008 பிப்ரவரி 24 அன்று, பாகிஸ்தானுக்குள் மட்டும் யூடியூபைத் தடுக்க எண்ணிச் செய்த ஓர் அறிவிப்பு வெளியே கசிந்து, உலகின் பல பகுதிகளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்தத் தளத்தை எட்டாதபடி செய்தது. இரண்டிலும் உலகைக் குலைக்க எண்ணியவர் எவருமில்லை. அதே விளைவை வேண்டுமென்றே உண்டாக்க நினைப்பவருக்கு ஒரு ரௌட்டரின் கடவுச்சொல் போதும். அந்தக் கடவுச்சொற்களை வைத்திருக்கும் சில நூறு பேர், எந்த நாளில், எந்த அரங்கத்தில், எந்த வைஃபையில் இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே அறிவித்துக் கூடுகிறோம். ஆகவே யார் வருகிறார்கள் என்ற பட்டியலும், வந்தவர்கள் எந்தக் கம்பியில் பேசுகிறார்கள் என்பதும் ஒரே பாதுகாப்பின் இரண்டு முனைகள்.

முதலில் நெட்வொர்க். பதிவு மேசையில் அடையாள அட்டையோடு உள்ளங்கை அளவிலான ஒரு தடித்த தாளையும் கொடுத்தார்கள். அதன் ஒரு பக்கத்தில் வைஃபை பெயர்களும், மறுபக்கத்தில் அங்கீகாரச் சேவையகத்தின் பெயரும் அதன் சான்றிதழுக்கான விரலடையாள எண்ணும் (சான்றிதழ் உண்மையானதுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும் எண்) அச்சிடப்பட்டிருந்தன. நான்கு நான்கு எழுத்துகளாகப் பிரித்து, வயதானவர்களும் படிக்கக்கூடிய அளவில் அச்சிட்டிருந்தார்கள். மேசையருகிலேயே நின்று, மடிக்கணினித் திரையில் காட்டிய எண்ணையும் தாளில் இருந்ததையும் விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபின் இணைந்தேன். எனக்குப் பின்னால் நின்றவரும் அதையே செய்தார். மாநாடுகளுக்கு வரத் தொடங்கிய இத்தனை ஆண்டுகளில், வைஃபையில் இணைவதற்கு முன் சான்றிதழைச் சரிபார்க்க வரிசையில் நின்றவர்களை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.

இந்தத் தாள் ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். பெரும்பாலான மாநாடுகளில் டபிள்யூ.பி.ஏ.2 முறையில் அனைவருக்கும் பொதுவான ஒரு கடவுச்சொல்லைத் திரையில் எழுதிப் போடுவார்கள். குறியாக்கம் இருக்கிறது என்ற நிம்மதி அதனால் வருகிறது. ஆனால் அந்தக் கடவுச்சொல்லை அறிந்த ஒருவர், இன்னொருவரின் கருவி இணையும் நேரத்தில் நடக்கும் பரிமாற்றத்தைப் பதிவுசெய்துவிட்டால், அந்தக் கருவிக்கான சாவியைத் தாமே கணக்கிட்டுக்கொள்ள முடியும். அரங்கத்தில் உள்ள அனைவருக்கும் கடவுச்சொல் தெரியும் என்னும்போது, அனைவரும் அனைவரையும் கேட்க முடியும் என்றே பொருள். இந்த மாநாட்டில் முதன்மை வைஃபை 802.1எக்ஸ் முறையில் இருந்தது. பயனர் பெயராகவும் கடவுச்சொல்லாகவும் எதைக் கொடுத்தாலும் சேவையகம் ஏற்றுக்கொள்ளும். யார் நுழைகிறார்கள் என்று சோதிப்பது அதன் நோக்கம் அன்று. ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி கிடைக்கச் செய்வதே நோக்கம். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் காற்றில் எதைப் பிடித்தாலும் என் சாவியை அவரால் பெற முடியாது. ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும், நாம் இணைவது உண்மையான சேவையகத்தோடுதான் என்ற உறுதியின்மேல் நிற்கிறது. அதே பெயரில் ஒரு போலி வைஃபையை எவரும் பையில் வைத்துக்கொண்டு உட்காரலாம். அந்த உறுதியைத் தருவதுதான் தாளில் அச்சிட்ட விரலடையாள எண்.

இத்தனை பேர் ஒரே கூரையின் கீழ் கூடும்போது வைஃபை நின்றுவிடாமல் இருப்பதே ஒரு சாதனை. ஒருவர் ஒரு கருவியோடு வருவதில்லை; கைப்பேசி, மடிக்கணினி, சிலரிடம் கைக்கடிகாரம் என்று இரண்டு மூன்று கருவிகளோடு வருகிறார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்ற மூன்றே என்பதால், பெரிய அரங்கில் அதை முழுவதுமாக அணைத்துவிட்டு, 5 கிகாஹெர்ட்ஸில் குறைந்த சக்தியில் இயங்கும் பல ஆக்சஸ் பாயின்ட்களை (வைஃபை அலைகளை அனுப்பும் பெட்டிகளை) வைத்திருந்தார்கள். தொடக்க அமர்வில் ஒரு நாற்காலிகூடக் காலியாக இல்லாதபோதும் எனக்கு இணைப்பு அறுபடவில்லை. இதை வசதியைப் பற்றிய பாராட்டாக மட்டும் எழுதவில்லை. வைஃபை திணறினால் மக்கள் கைக்குக் கிடைத்த எதிலாவது இணைவார்கள். அந்த நேரத்தில் எவரும் சான்றிதழைப் பார்ப்பதில்லை.

வி.பி.என்., அதாவது வெளியிலிருந்து நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள் குறியாக்கத்தோடு செல்லும் வழி, அதன் விஷயத்திலும் இதே நிலைதான். முதன்மை வைஃபை புதிய முகவரி முறையான ஐ.பி.வி6 மட்டும் கொண்டது. பழைய ஐ.பி.வி4 முகவரிகளை அடைய நாட்64, டி.என்.எஸ்.64 என்ற மொழிபெயர்ப்பு ஏற்பாடுகள் இருந்தன. தளங்கள், அஞ்சல், காணொளி எல்லாம் தடையின்றி வேலை செய்தன. என் நிறுவனத்தின் வி.பி.என். மட்டும் இணையவில்லை. அதன் அமைப்பில் சேவையகத்தின் பெயருக்குப் பதிலாக ஐ.பி.வி4 எண்ணையே எழுதி வைத்திருந்தோம், டி.என்.எஸ்.64 பெயர்களைத்தான் மொழிபெயர்க்கும், எண்ணாகவே எழுதியதை அதனால் தொட முடியாது. கைப்பேசிகளில் இதற்கான மாற்று ஏற்பாடு உள்ளேயே இருப்பதால் சிக்கல் வரவில்லை. என் மடிக்கணினியில் அது இல்லை. இரண்டு முகவரி முறைகளும் கொண்ட மற்றொரு வைஃபைக்கு மாறியதும் வி.பி.என். எழுந்துகொண்டது. தவறு எங்களுடையது. ஆயினும், அவசரத்தில் இருக்கும் ஒரு பொறியாளர் மற்றொரு வைஃபைக்கு மாறுவதற்குப் பதிலாக வி.பி.என். இல்லாமலேயே ரௌட்டரைத் திறந்துவிடக்கூடும். “வி.பி.என். இணையாவிட்டால் இந்த வைஃபைக்கு மாறுங்கள்” என்ற ஒரு வரி அந்தத் தாளில் இருந்திருக்க வேண்டும். இரண்டாம் நாள் காலை இதை உதவி மேசையில் சொன்னேன். நண்பகலுக்குள் அரங்கத் திரையில் அந்த அறிவிப்பு ஓடியது.

இரண்டாம் நாள் நடந்த இன்னொன்று இந்த நெட்வொர்க்கின் தரத்தை எனக்கு உணர்த்தியது. ஐ.பி.வி6 நெட்வொர்க்கில் “நான்தான் ரௌட்டர், என் வழியாகச் செல்லுங்கள்” என்று அறிவிக்கும் செய்தியை எந்தக் கருவியாலும் அனுப்ப முடியும். தீய எண்ணம் தேவையில்லை. இணைப்பைப் பகிரும் வசதியை அணைக்க மறந்த ஒரு மடிக்கணினி போதும், சுற்றியுள்ள கருவிகளின் போக்குவரத்தெல்லாம் அதன் வழியே திரும்பிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாநாட்டில் இப்படி ஒருவருடைய மடிக்கணினியால் ஓர் அமர்வு முழுவதும் இணைப்பின்றி உட்கார்ந்திருக்கிறோம். அந்தக் கருவியைத் தேடித் தன்னார்வலர்கள் வரிசை வரிசையாக நடந்தார்கள். இதைத் தடுக்கும் ஆர்.ஏ. காவல் முறை 2011இல் ஆர்.எஃப்.சி. 6105 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளிவந்தது. கூடுதல் தலைப்புகளைச் செருகி அந்தக் காவலை ஏமாற்றும் வழிகளும் கண்டறியப்பட்டு, அவற்றுக்கான திருத்தங்கள் 2014இல் ஆர்.எஃப்.சி. 7113 ஆக வந்தன. இந்த மாநாட்டில் நெட்வொர்க் குழுவின் நிலவரத் திரையில், தடுக்கப்பட்ட போலி ரௌட்டர் அறிவிப்புகளுக்கென்று ஒரு வரைகோடு இருந்தது. பிற்பகலில் அந்தக் கோடு திடீரென மேலே ஏறி, ஏறத்தாழ ஓர் அமர்வு நேரம் அங்கேயே நின்று, பின் இறங்கியது. அரங்கத்தில் எவருக்கும் எதுவும் தெரியவில்லை. உரை தொடர்ந்தது, இணைப்பும் தொடர்ந்தது. முகவரி வழங்கும் போலிச் சேவையகங்களுக்கும் இதேபோன்ற தடுப்பு இருந்தது. ஒரு வைஃபை கருவி மற்றொன்றோடு நேரடியாகப் பேசுவதும் தடுக்கப்பட்டிருந்தது. செய்முறை காட்ட வந்தவர்களுக்குத் தனி அறையில் கம்பி இணைப்பு கொடுத்திருந்தார்கள்.

மேடையில் எதைச் செய்யச் சொன்னார்களோ அதைத் தங்கள் நெட்வொர்க்கிலும் செய்திருந்தார்களா என்று நானே சோதித்துப் பார்த்தேன். மாநாட்டின் முகவரித் தொகுதியை எந்த ஏ.எஸ். அறிவிக்கலாம் என்பதற்கான கையொப்பமிட்ட பதிவு இருந்தது. இத்தகைய கையொப்பங்களைச் சரிபார்க்கும் ஆர்.பி.கே.ஐ. முறையின் சோதனைக்காகவே தவறான மூலத்தோடு அறிவிக்கப்படும் முகவரி ஒன்றை அடைய முயன்றேன்; அடைய முடியவில்லை, அதாவது செல்லாத பாதைகளை அவர்கள் உண்மையாகவே கைவிடுகிறார்கள். தளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவையகத்திடம், வேண்டுமென்றே கையொப்பம் கெடுக்கப்பட்ட ஒரு பெயரைக் கேட்டேன், அது பதில் தர மறுத்தது; அதாவது கையொப்பத்தைச் சோதிக்கும் டி.என்.எஸ்.செக் சரிபார்ப்பும் நடக்கிறது. இணையத்தை அளந்து ஆராயும் கெய்டா அமைப்பின் ஸ்பூஃபர் என்ற சோதனை மென்பொருளை என் இருக்கையிலிருந்தே இயக்கினேன். பொய்யான மூல முகவரியுடன் அனுப்பிய ஐ.பி.வி6 பொதிகள் வெளியே போகவில்லை. இப்படிப் போலி முகவரிகளைத் தடுக்க வேண்டும் என்ற பரிந்துரை 2000ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 2827இலேயே இருக்கிறது. இன்றும் அதை முழுமையாகச் செய்யாத நிறுவனங்கள் இருக்கும்போது, மூன்று நாளில் பிரித்துவிடப் போகும் ஒரு நெட்வொர்க்கில் அதைச் செய்திருந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது.

ஒரு முடிவில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. வெளியிலிருந்து கருவிகளை நோக்கி வரும் இணைப்புகளுக்கு எந்தத் தடுப்பும் இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் உலகம் முழுவதும் எட்டக்கூடிய முகவரி கிடைத்தது. முனையிலிருந்து முனைக்குத் தடையற்ற இணையம் என்பது இந்தச் சமூகத்தின் பழைய கொள்கை. அதை நான் மதிக்கிறேன். தாளிலும் இதை மறைக்காமல் எழுதியிருந்தார்கள். ஆனால் சோதனைக்காகத் தரவுத்தளமோ வலைச் சேவையகமோ ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினிகள் இங்கே வருபவர்களிடம்தான் அதிகம். இயல்பாகத் தடுப்பு இருந்து, வேண்டுபவர்கள் வேறொரு வைஃபை பெயரைத் தேர்ந்து திறந்துகொள்ளும்படி அமைத்திருந்தால், கொள்கையும் கெடாது, விவரம் அறியாமல் வந்தவரும் பாதுகாப்பாக இருப்பார்.

இரண்டாம் நாள் மாலை, எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு பொறியாளருக்கு அழைப்பு வந்தது. எங்கோ ஓர் இணைப்பு விழுந்துவிட்டது. அவர் எழுந்து வெளியே செல்லாமல், மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு டெல்நெட் வழியாக ஒரு பழைய கருவிக்குள் நுழைந்தார். கறுப்புத் திரையில் பயனர் பெயர் கேட்கப்பட்டதும் நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். டெல்நெட்டில் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் குறியாக்கம் இல்லாமலே செல்கிறது. வைஃபையில் தனிச் சாவி இருந்ததால் காற்றில் அது பாதுகாப்பாகவே போயிருக்கும். ஆக்சஸ் பாயின்ட்டைத் தாண்டியபின் வழி நெடுக அது திறந்த கடிதம். வேலை முடிந்ததும் மெதுவாகச் சொன்னேன். அந்தக் கருவி மிகப் பழையது, குறியாக்கத்தோடு நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். அதில் இல்லை, மாற்றுவதற்கான நிதி இரண்டு ஆண்டுகளாகத் தள்ளிப்போகிறது என்றார். அவர் அலட்சியக்காரர் அல்லர். கையில் இருப்பதைக் கொண்டு வாடிக்கையாளரின் இணைப்பை மீட்க முயன்றவர். அவரை உதவி மேசைக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்த தன்னார்வலர், பொறியாளரின் நிறுவனத்துக்குள் ஒரு இடைச் சேவையகத்தை வைத்து, அதுவரை எஸ்.எஸ்.எச்.இல் சென்று, அங்கிருந்து உள் நெட்வொர்க்கில் மட்டும் டெல்நெட்டைப் பயன்படுத்தும் முறையை அவரோடு உட்கார்ந்து விளக்கினார். அவர் கிளம்பும்போது அது இயங்கிக்கொண்டிருந்தது.

மாநாட்டு வைஃபையில் பறக்கும் கடவுச்சொற்களைப் பிடித்துச் சுவரில் காட்டும் வழக்கம் பாதுகாப்புத் துறைக் கூட்டங்களில் நெடுநாளாக உண்டு. டெஃப்கான் கூட்டத்தின் செம்மறியாட்டுச் சுவர் அதில் பெயர் பெற்றது. நெட்வொர்க் இயக்குநர்களின் கூட்டங்களிலும் அதைச் செய்ய வேண்டும் என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். 2010இல் ஃபயர்ஷீப் என்ற சிறு மென்பொருள் வெளிவந்து, திறந்த வைஃபையில் பக்கத்தில் இருப்பவரின் கணக்குக்குள் எவரும் நுழையலாம் என்று காட்டியபின்தான் பெரிய தளங்கள் முழுக் குறியாக்கத்துக்கு விரைந்து மாறின என்பது அவர்களுடைய வாதம். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் ஃபயர்ஷீப் வெட்கப்படச் செய்தது தளங்களை. இங்கே ஒரு பொறியாளரின் பெயரைத் திரையில் போட்டால், அடுத்த முறை அவருடைய நிறுவனம் அவரை அனுப்பாது. பழைய கருவி அப்படியே இருக்கும், அதைப் பாதுகாக்கக் கற்றுக்கொள்ள வந்தவர் மட்டும் வராமல் போவார். இந்த மாநாட்டின் நெட்வொர்க் குழு உள்ளடக்கத்தைப் பதிவு செய்வதில்லை என்று எழுத்தில் அறிவித்திருந்தது. போர்ட் எண் 23க்கு, அதாவது டெல்நெட்டுக்கு, எத்தனை இணைப்புகள் சென்றன, குறியாக்கமில்லாத அஞ்சல் இணைப்புகள் எத்தனை என்ற எண்ணிக்கையை மட்டும், எவருடையவை என்ற குறிப்பின்றி, நாள் முடிவில் திரையில் காட்டினார்கள். மூன்றாம் நாள் அந்த எண்கள் முதல் நாளைவிடக் குறைந்திருந்தன. பதிவுகள் எத்தனை நாளில் அழிக்கப்படும் என்பதும் தாளில் இருந்தது. பாதுகாப்பையும் மரியாதையையும் ஒருசேரக் காப்பாற்றிய முடிவு இது.

இங்கே என் நிறுவனத்தில் நான் கண்ட ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதை மாநாட்டு நெட்வொர்க் எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும் தடுக்க முடியாது. எங்கள் ரௌட்டர்கள் அலுவலக முகவரிகளிலிருந்து மட்டுமே நிர்வாக இணைப்பை ஏற்கும். மாநாட்டுக்குச் செல்பவர் அவசரத்துக்கென்று மாநாட்டின் முகவரித் தொகுதியையும் அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போவார். திரும்பி வந்தபின் அதை நீக்க மறந்துவிடுவார். இந்த மாநாட்டுக்குக் கிளம்பும் முன் பட்டியலைப் பார்த்தபோது, முந்தைய ஒரு மாநாட்டின் தொகுதி அப்படியே இருந்தது. கூட்டங்களுக்கான முகவரித் தொகுதிகள் பெரும்பாலும் தற்காலிகமானவை. முடிந்ததும் வேறொருவர் கைக்குப் போகலாம், அல்லது அடுத்த கூட்டத்துக்கு அதே தொகுதி மீண்டும் வரலாம். எப்படியானாலும் முன்பின் அறியாத ஒரு கூட்டத்துக்கு எங்கள் ரௌட்டரின் கதவு வரை வழி திறந்திருந்தது. அந்த வரியை அன்றே நீக்கினேன். இதைப் படிக்கும் பொறியாளர்கள் தங்கள் அனுமதிப் பட்டியலை இன்றே ஒருமுறை பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இனி வருகைப் பதிவு. முன்பதிவுப் படிவம் பெயர், நிறுவனம், பதவி, ஏ.எஸ். எண், அஞ்சல், கைப்பேசி எண், வந்து சேரும் நாள், திரும்பும் நாள், தங்குமிடம் ஆகிய அனைத்தையும் கட்டாயமாகக் கேட்டது. அவற்றில் பெயர், நிறுவனம், பதவி, ஏ.எஸ். எண் ஆகியவை, பதிவு செய்த சில நிமிடங்களில், எவரும் திறந்து பார்க்கக்கூடிய பங்கேற்பாளர் பட்டியலில் தோன்றின. விருப்பம் கேட்கப்படவில்லை.

பட்டியல் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. இந்தக் கூட்டங்களுக்கு நாம் வருவதில் பாதி, மனிதர்களைச் சந்திக்கத்தான். போக்குவரத்தை நேரடியாகப் பரிமாறிக்கொள்ள விரும்பும் நெட்வொர்க்கிலிருந்து யார் வருகிறார்கள் என்று பார்த்து, முன்பே எழுதி, இடைவேளையில் சந்தித்துப் பத்து நிமிடத்தில் முடிக்கும் வேலை, அஞ்சலில் பல மாதம் இழுக்கும். நெட்வொர்க் இயக்குநர்களின் கூட்டங்களான ஐரோப்பாவின் ரைப் 1989இலும் வட அமெரிக்காவின் நானாக் 1994இலும் ஆசிய பசிபிக் பகுதியின் ஏப்ரிகாட் 1996இலும் தொடங்கிய நாட்களில், வருபவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பெயர்ப் பட்டியலைத் திறந்து வைப்பதில் எவருக்கும் தயக்கம் இருந்திருக்காது. இன்று அதே பட்டியலை வெளியில் இருப்பவர் வேறு கண்ணால் படிக்கிறார். ஒரு நெட்வொர்க்கின் ரூட்டிங் பொறியாளர்கள் இருவரும் குறிப்பிட்ட மூன்று நாட்கள் அலுவலகத்தில் இருக்கமாட்டார்கள் என்பது அதில் எழுதியிருக்கிறது. யாருடைய பெயரைச் சொல்லி அவர்களுடைய அலுவலகத்துக்கு அழைத்தால் நம்புவார்கள் என்பதும் அதில் இருக்கிறது. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர், திரும்பும் நாளை வாசலில் எழுதி ஒட்டிவிட்டுப் போவதில்லை.

விளைவு எனக்கே நேர்ந்தது. மாநாட்டுக்கு மூன்று வாரங்கள் இருக்கும்போது, மாநாட்டின் தங்குமிட ஏற்பாட்டாளர் என்று சொல்லிக்கொண்டு ஓர் அஞ்சல் வந்தது. என் முழுப் பெயரும் பதவியும் சரியாக இருந்தன. அறைகள் தீர்ந்துவருகின்றன, உடனே அட்டை விவரங்களைக் கொடுத்து உறுதிசெய்யுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அனுப்பிய முகவரியை உற்றுப் பார்த்தபோதுதான் மாநாட்டின் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது தெரிந்தது. அடுத்த வாரம், முழுப் பங்கேற்பாளர் பட்டியலை விலைக்குத் தருவதாக வேறோர் அஞ்சல். மாநாடுகளைக் குறிவைக்கும் இந்த இரு மோசடிகளும் புதியவை அல்ல. ஏற்பாட்டாளர்களுக்கு நிச்சயம் தெரிந்தவையே. எச்சரிக்கை ஒன்று அவர்களிடமிருந்து வந்தது, பட்டியல் மூடப்படவில்லை.

அடையாள அட்டை இன்னும் வருத்தம் தந்தது. மேசையில் பெயரைச் சொன்னேன், கொடுத்துவிட்டார்கள். எந்த அடையாளச் சான்றும் கேட்கவில்லை. பொதுப் பட்டியலில் இருக்கும் எந்தப் பெயரைச் சொல்லியிருந்தாலும் அந்த அட்டை எனக்குக் கிடைத்திருக்கும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவர் செய்முறை அறைக்குள் சென்று கம்பி இணைப்பில் எதை வேண்டுமானாலும் செருகலாம். இதே கட்டடத்தின் வேறோர் அறையில், அஞ்சல் குறியாக்கத்துக்கான பி.ஜி.பி. சாவிகளில், அவை இன்னாருடையவைதான் என்று கையொப்பமிடக் கூடியவர்கள், ஒவ்வொருவர் முகத்தையும் அவருடைய அடையாளச் சான்றையும் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொறுமையில் ஒரு பங்கு வாசல் மேசைக்கும் வந்திருக்க வேண்டும்.

அட்டையின் கீழ் மூலையில் ஒரு க்யூ.ஆர். குறியீடு இருந்தது. அறைக்குத் திரும்பியபின் கைப்பேசியின் சாதாரணக் கேமராவை அதன்மேல் காட்டினேன். தனிச் செயலி எதுவும் தேவைப்படவில்லை. என் பெயர், நிறுவனம், அஞ்சல் முகவரி, கைப்பேசி எண் நான்கும் தொடர்பு அட்டையாக விரிந்து, சேமிக்கவா என்று கேட்டது. மூன்று நாட்களும் அதை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்திருக்கிறேன். குழுப் படங்களில் நின்றிருக்கிறேன்; அவற்றில் சில பொதுவெளியில் பகிரப்பட்டன, ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தபோது குறியீடு படிக்கக்கூடிய தெளிவில் இருந்தது. குறியீட்டில் பொருளற்ற ஓர் எண்ணை மட்டும் வைத்து, அந்த எண்ணுக்கு உரியவர் யார் என்பதை ஏற்பாட்டாளரின் சேவையகம் மட்டும் அறியும்படி செய்வது கடினமான வேலை அன்று. சான்றிதழின் விரலடையாள எண்ணைத் தாளில் அச்சிடத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதது அன்று.

ஒவ்வோர் அமர்வின் வாசலிலும் அந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்தார்கள். வந்ததற்கான சான்று கேட்கும் நிறுவனங்கள் பல இருப்பதால் இதன் தேவையை ஏற்கிறேன். யார் எந்த அமர்வில் எப்போது இருந்தார் என்ற பதிவு எங்கே சேர்கிறது, எத்தனை நாள் இருக்கும், யார் பார்ப்பார்கள் என்று வாசலில் நின்ற தன்னார்வலரிடம் கேட்டேன். அவருக்குச் சொல்லப்படவில்லை, விசாரித்துச் சொல்வதாகக் கூறி என் கேள்வியை எழுதிக்கொண்டார். நெட்வொர்க் தாளில் நான்கு வரியில் தெளிவாக இருந்த விஷயம் இது. நான் நின்றே பார்க்காத ஒரு விற்பனை அரங்கிலிருந்து, மாநாடு முடிந்த மறுநாள், “எங்கள் அரங்குக்கு வந்ததற்கு நன்றி” என்று அஞ்சல் வந்தபோது, அந்தப் பதிவு எங்கெல்லாம் போயிருக்கும் என்ற கேள்வி எனக்கு மேலும் வலுத்தது.

வைஃபையில் இணைந்த கருவிகளை எண்ணி வருகையைக் கணக்கிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இங்கே அதைச் செய்யவில்லை என்பதை நெட்வொர்க் குழுவின் நற்செயலாகவே பதிவு செய்கிறேன். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதல் கைப்பேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு மாற்று வன்பொருள் முகவரியைக் காட்டுகின்றன. ஆகவே அந்தக் கணக்கு சரியாகவும் வராது, மனிதர்களைப் பின்தொடரும் கருவியாக மட்டும் எஞ்சும்.

அடுத்த முறை செல்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியவை சில. முன்பதிவில் உங்கள் சொந்த அஞ்சலுக்குப் பதிலாக மாநாட்டுக்கென்றே ஒரு முகவரியைக் கொடுங்கள். எங்கிருந்து கசிந்தது என்பது அப்போது உடனே தெரியும். அட்டையின் குறியீட்டின்மேல் ஒரு சிறு தாளை ஒட்டிக்கொண்டு, வாசலில் மட்டும் விலக்கிக் காட்டுங்கள். மூன்றாம் நாள் நான் அப்படித்தான் செய்தேன், எவரும் தடுக்கவில்லை. வி.பி.என். அமைப்பில் எண்ணுக்குப் பதிலாகப் பெயர் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். சான்றிதழை ஒப்பிடாமல் இணையாதீர்கள். நெட்வொர்க்கைப் பொறுத்தவரை இந்த மாநாட்டை எவருக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். வருகைப் பதிவு இப்படியே இருந்தால், என் குழுவிலிருந்து இருவரை ஒரே நேரத்தில் அனுப்பமாட்டேன்.

இவை அனைத்தையும் ஏற்பாட்டாளர்களுக்கு விரிவாக எழுதி அனுப்பினேன். நான்கு நாளில் பதில் வந்தது. அடுத்த மாநாட்டிலிருந்து க்யூ.ஆர். குறியீட்டில் எண் மட்டும் இருக்கும் என்றும், அமர்வு வருகைப் பதிவுகளைச் சான்றுகள் வழங்கி முடித்தபின் அழித்துவிடுவார்கள் என்றும் உறுதி சொல்லியிருக்கிறார்கள். பங்கேற்பாளர் பட்டியலைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. இதை எழுதும் இன்று காலை திறந்து பார்த்தேன். என் பெயர், பதவி, ஏ.எஸ். எண்ணோடு பட்டியல் அங்கேயே இருக்கிறது.